பின்வழிக்காரன்

நுவாசெட்டின் பாலை டேங்கர்காரன் எடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.
செல் கணக்கு ஆறு லட்சம் என்றது சீட்டு.
வலப் பின்காம்பு போன ஈற்றிலேயே கல்லாகிவிட்டது.
கசாப்புக்காரரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார் கூல்வென்.
மூக்குக்கண்ணாடி அகப்படவில்லை.
அது அகப்படுவதற்குள் சொல்லிவிட்டேன்:
மூன்று காம்பு இருக்கிறது,
மூன்று கன்றுக்கு ஊட்டட்டும்.

பால்பவுடர் மூட்டை என்ன விலை விற்கிறதென்று
அவருக்கும் தெரியும்.
கண்ணாடியைத் தேடுவதை நிறுத்தினார்.

பிப்ரவரி. பிரிட்டனியின் மேற்கு முனை.
இங்கே மழை மேலிருந்து விழுவதில்லை,
கடலிலிருந்து நடந்து வந்து
கொட்டகைக்குள் ஆளோடு ஆளாக நிற்கும்.

முதலாவது அவள் ஈன்ற கிடாரி, செம்பட்டை.
இரண்டாவது பக்கத்துக் கட்டில் அதே இரவு பிறந்தது.
ஈரம் காயுமுன் அவளது இளங்கொடியை
அதன் முதுகில் தேய்த்து
கிடாரியோடு கழுத்துப்பட்டையில் பிணைத்துவிட்டேன்.
நக்கினாள். நக்கியது யாரை என்று
கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவதுதான் வம்பு.
தலையீற்றுக்காரி போட்ட கறுப்புக் காளை,
சந்தையில் நாற்பது யூரோ பெறாது.
நான்கு நாள் வாளியில் குடித்துவிட்டு வந்தது.
ரப்பர் வாடை.
ஒரே ஒரு முறை முகர்ந்தாள்.
பிறகு கால்தான் பேசியது.

மாலோ சுவர்த் திட்டில் உட்கார்ந்து
உதைக்கு ஒரு கோடாகச் சாக்பீஸால் இழுத்தான்.
முதல் நாள் பதினேழு.
கூல்வெனின் பையன், பத்து வயது,
ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இங்கே.
எதையும் என்னிடம் கேட்க மாட்டான்,
தானே தேடி எடுத்துக்கொள்வான்,
கிடைக்காவிட்டால் இல்லாமலே இருந்துவிடுவான்.

கால்கட்டுப் போட்டோம். பாலை எக்கிக்கொண்டாள்.
தீவனத்தில் வெல்லப்பாகு ஊற்றினோம்.
பாகைத் தின்றுவிட்டு உதைத்தாள்.
ஐந்தாம் நாள் நான் கையை விட்டுவிட்டேன்.

வழி கண்டுபிடித்தது அந்தக் கறுப்பன்தான்.
மற்ற இரண்டும் விலாவோரம் நின்று முட்டி முட்டி
சுரப்பு இறங்கும் நேரம் பார்த்து
பின்னால் போய், இரண்டு தொடைகளுக்கும் நடுவே
தலையை நுழைத்துவிட்டான்.
அவள் மூக்குக்கு எட்டாத ஒரே இடம்.
சாணி காதில் விழுந்தால் விழட்டும்.
வால் முகத்தில் அறைந்தால் அறையட்டும்.
வெண்ணுரை வடிய வெளியே வருவான்,
மகுடம்போல் தலையில் பசுஞ்சாணியோடு.

ஜூனில் மூன்றும் ஒரே எடை.
மேய்ச்சலில் கிடாரி அவள் கழுத்தோரம் படுக்கும்,
இரண்டாவது கிடாரியின் ஓரம்.
கறுப்பன் வேலிக் கல்லோரம்,
எவருக்கும் கடன்படாதவன் மாதிரி.

அக்டோபரில் பிரித்தோம்.
பசு இந்தப் பக்கம், கன்றுகள் அந்தப் பக்கம்,
நடுவே முள்வேலி, இரண்டு கம்பி.
இரண்டு இரவு கிடாரியும் இரண்டாவதும்
தொண்டை கிழியக் கத்தின.
அவளும் பதில் கொடுத்தாள்.
அண்டை வீட்டு லெனா போனில் கேட்டாள்,
யாராவது செத்துவிட்டார்களா என்று.

கறுப்பன் வாயே திறக்கவில்லை.
வேலியோரமாக அளந்து அளந்து நடந்தான்.

மூன்றாம் நாள் விடியலில்
கருமுள் புதரடியில் ஒரு பொத்தல்,
ஓரத்தில் கறுப்பு மயிர்.
அவன் அந்தப் பக்கம் இல்லை.
அவள் பின்னங்கால்களுக்கு நடுவே,
இப்போது ஆள் பெருத்துவிட்டதால்
முன்னங்கால் இரண்டையும் மடித்து, மண்டியிட்டு.

நுவாசெட் கழுத்தைத் திருப்பினாள்.
திருப்பினால் எட்டியிருக்கிறது.
எப்போதுமே எட்டியிருக்கும்போல.
அவன் வாலடியை நிதானமாக முகர்ந்துவிட்டு
அசைபோட்டாள்.

கூல்வென் சுத்தியலோடு நின்றார்,
ஆணிகளை உதட்டில் கவ்வியபடி.
ஒன்றையும் அறையவில்லை.

அது மாலோவின் வாரம்.
வெறுங்காலில் பூட்ஸ் மாட்டி ஓடி வந்தவன்
வேலியில் தொங்கிப் பார்த்துக்கொண்டே கேட்டான்:
சுவாசிக், சாக்பீஸ் எங்கே வைத்தாய்?

எங்கே வைத்தேன்.
கைகள் இரண்டும் மேலங்கிப் பைகளில்
தேடத் தொடங்கியிருந்தன.